விருந்தினரும் தொழிலாளரும்: மலையகத் தோட்டங்களின் விருந்தோம்பல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் விளைபொருளை அது விளையும் இடத்திற்கே சென்று பார்த்து, சுவைத்து, அங்கேயே உணவருந்தித் திரும்பும் வழக்கம் இன்று உல்லாசப் பயணத் தொழிலின் முக்கிய கூறாக வளர்ந்துள்ளது. இத்தாலியிலும், இத்தாலியர் குடியேறிய நாடுகளிலும், திராட்சைத் தோட்டங்களும் வைன் உற்பத்திச் சாலைகளும் இவ்வழக்கத்தின் மையங்களாக உள்ளன. இலங்கையின் மத்திய மலைநாட்டில் அவ்விடத்தைப் பெற்றிருப்பது தேயிலை. ஒரு தோட்டத்தினுள் யார் வரலாம், வந்தவர் எந்த மேசையில் உண்ணலாம் என்பன வெறும் உபசாரம் பற்றிய வினாக்கள் அல்ல. அவற்றிற்கான விடைகள் உற்பத்தி உறவுகளாலேயே நிர்ணயிக்கப்படுகின்றன. இதனை நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் வரலாற்றைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் மூலம் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே இம்மாற்றத்தைச் சாத்தியமாக்கிற்று. குன்றின் மேல் துரையின் பங்களா, அதற்குத் தள்ளித் தொழிற்சாலை, பள்ளத்தில் லயம் என்ற அமைப்பு வர்க்க உறவினை நிலத்தின் மீதே வரைந்து காட்டிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கியது. 1876இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட ஹில் கிளப்பில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் விருந்துண்டனர். இலங்கையர் அங்கு நெடுங்காலம் உறுப்பினராக இயலவில்லை. இரவுணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிய வேண்டும் என்ற விதியோ, குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் நீடித்தது.

அக்காலத் தோட்டம் வெளியாருக்கு மூடப்பட்ட உலகம். லயத்திற்குச் செல்லும் பாதையும் தோட்டத்தின் தனியுடைமை ஆதலின், தொழிலாளரைக் காண வருபவர் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்படலாம். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசையர், புடைவை வியாபாரி வேடத்திலேயே தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை அறிய நேர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது ஹற்றனே அவரது களமாயிற்று. தொழிலாளரின் விருந்தினனாக ஒருவன் வருவதற்கு மாறுவேடம் தேவைப்பட்ட காலம் அது.

இன்று அதே தோட்டங்களின் வாயில்கள் திறந்துள்ளன. ஆயின் அவை யாருக்காகத் திறந்துள்ளன என்பதே வினா. கந்தப்பொளைக்கு அண்மையிலுள்ள ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின; பழைய இயந்திரங்கள் காட்சிப் பொருள்களாயின; பழைய புகையிரதப் பெட்டியொன்று உணவுச்சாலையாயிற்று. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரை பங்களாக்கள் சில, பட்லரும் சமையற்காரரும் பணிபுரியும் உல்லாச விடுதிகளாக இயங்கி வருகின்றன. விருந்தினர் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் ஆகிய படிகள் அவர்களுக்கு விளக்கப்படுகின்றன. இறுதியில் கிண்ணங்களில் தேநீரைச் சுவைக்கின்றனர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று சொல்லப்படும். அக்கொழுந்தைப் பறித்தவளின் நாட்கூலி பற்றிய பேச்சு அவ்விளக்கத்தில் இடம்பெறுவது அரிது. இயந்திரத்தின் வரலாறு காட்டப்பட்டு உழைப்பின் வரலாறு மறைக்கப்படுகிறது. பண்டத்திற்குப் பின்னாலுள்ள மனித உறவு பொருளின் குணமாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். மலையின் குளிரும் பனியும் தேநீரின் சுவையாகப் பேசப்பட, அப்பனியில் நிற்பவள் புகைப்படத்தின் பின்னணியாகிறாள்.

இது விளைபொருட் சுற்றுலாவிற்கு இயல்பாகவே உரிய குறையா? அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள கிங் பள்ளத்தாக்கினை ஒப்புநோக்கின் அவ்வாறன்று என்பது புலனாகும். அங்கும் புலம்பெயர்ந்த உழைப்பாளரே வரலாற்றின் மையம். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் புகையிலைச் செய்கையில் ஈடுபட்டன. பலர் பங்குக் குடியானவராகத் தொடங்கிப் பின் நிலம் வாங்கினர். புகையிலை நலிவுற்றபோது திராட்சைக்கு மாறினர். டால் சோட்டோ குடும்பம் 1999இல் புரொசெக்கோ திராட்சையை அங்கு நட்டது. இன்று அப்பள்ளத்தாக்கிற்கு வருபவர் அக்குடும்பங்களின் வைனைச் சுவைத்து, பாட்டிமார் வழிவந்த பாஸ்தா உணவை உண்கின்றனர். போத்தலின் மீது குடும்பப் பெயர் இருக்கிறது. இதனை இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. அந்நிலம் ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டதே. இன்றைய கொடிமுந்திரித் தோட்டங்களிலும் கூலியுழைப்பு உண்டு. எனினும் ஒன்று தெளிவு: குடியுரிமையும் நிலமும் கிட்டியமையாலேயே புலம்பெயர்ந்தவரின் அடுக்களை அப்பிரதேசத்தின் பாரம்பரியமாயிற்று.

மலையகத் தமிழருக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின, உழைத்தவர் நிலவுடைமையாளராகவில்லை. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இலேயே நெடும் போராட்டத்தின் பின் கிட்டியது.

தோட்டத்து மொழியில் ஒரு நாள் வேலைக்குரிய பதிவினைப் 'பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கு 'அரைப் பேர்'. கிங் பள்ளத்தாக்கின் குடும்பத்திற்குப் பெயர் போத்தலில் உள்ளது. மலையகப் பெண்ணின் பேரோ செக்றோலில் மட்டுமே உள்ளது. தேயிலைப் பொதியில் இருப்பது தோட்டத்தின் பெயர். அதுவும் பெரும்பாலும் துரைமார் தம் ஊர் நினைவில் இட்ட பெயர்.

எனவே இன்று மலையகத்தில் 'பாரம்பரியம்' என விற்கப்படுவது துரையின் பாரம்பரியமே: அவரது கணப்பு, அவரது சாய்நாற்காலி, அவரது மாலைத் தேநீர். லயத்து ரொட்டியும் சம்பலும், காமன் கூத்தும் தப்பொலியும், சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மக்கள் பாடல்களும் அம்மேசைக்கு வருவதில்லை. வரினும் கேளிக்கையாகவே வரும். சுற்றுலாவை வெறுப்பது இதற்குத் தீர்வாகாது. லயத்து இளைஞருக்கு அது தொழிலும் தருகின்றது. ஆனால் லயத்துக் காம்பராவிற்குப் பதிலாகச் சொந்த நிலமும், அதில் உறுதியுடன் கூடிய சொந்த வீடும் கிட்டும்வரை, மலையகத் தமிழர் தம் மலையில் பரிமாறுவோராகவே இருப்பர். விருந்தோம்பல் என்பது வீடுடையோர்க்கே உரிய அறம். இருநூறு ஆண்டுகளாக இம்மலையை வளமாக்கிய மக்கள், தம் வாயிலில் நின்று தம் பெயர் சொல்லி ஒருவரை உள்ளே அழைக்கும் நாளிலேயே தோட்டங்களின் கதவு உண்மையில் திறந்ததாகும்.