கேள்விக்குறிக்குப் பின்னால்

மொழிபெயர்க்க உட்கார்ந்தால் என் விரல் முதலில் போவது உலாவியின் முகவரிப் பட்டைக்குத்தான். "பே" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, "கழனி" என்று எழுதி என்டர் அழுத்துவேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி கழனிக்கு உரிய பொருளோடு வந்து நிற்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சேறிய அந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. "வி" என்று தொடங்கினால் தமிழ் விக்கிப்பீடியா. நடுவில் எந்தத் தேடுபொறியும் இல்லை.

இந்த ஓரெழுத்து வழிக்கு முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வேர் உண்டு. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, 1991-இல் அங்கே வேலை செய்தவர்களுக்கு உதவியது தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேடத்தான். தேடுவதற்குக் கண்ட முறை எளியது. பக்கத்தின் முகவரி, அதையடுத்து ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் தேடும் சொல். பல சொற்கள் என்றால் இடையிடையே கூட்டல் குறி. அவ்வளவுதான், தேடலே ஒரு முகவரி ஆகிவிட்டது. முகவரியைக் குறித்து வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள சொல்லை மட்டும் மாற்றி மறுபடி போகலாம்.

மாறும் இடத்தைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டுமே? அது முன்பே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி நிரல்மொழியில், சொல் வந்து உட்கார வேண்டிய இடத்தை விழுக்காட்டுக் குறியும் எஸ் என்ற ஆங்கில எழுத்தும் காட்டும். அப்படி அடையாளமிட்ட முகவரியை ஒரு சுருக்கப் பெயரால் கூப்பிடும் வழி வந்தபோது, உலாவிகளிலும் அந்த ஜோடியே நிலைத்தது.

2000 அக்டோபரில் லினக்ஸ் மேசைச்சூழலான கேடிஈ 2-உடன் வெளிவந்த கான்கரர் உலாவியில், "ஜிஜி" என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் போட்டால் கூகுளுக்குப் போகலாம். ஓபரா உலாவியில் ஒரே "ஜி" போதும். மொசில்லாக்காரர்கள் புத்தகக்குறிக்குள்ளேயே கீவேர்ட் என்று ஒரு கட்டம் வைத்தார்கள். 2004 நவம்பர் 9-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. எனக்குப் பிடித்தது இந்தக் கட்டம்தான். எந்தத் தளத்தை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்பதை உலாவி முடிவு செய்யாமல், என்னிடம் விட்டது.

தமிழ்ச் சொல்லும் இந்த வழியில் தடையின்றிப் போகிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. "அம்மா" என்பதில் ஐந்து குறிகள். ஆக 45 எழுத்து. அதைக் கையால் யார் எழுதுவது? நான் "அம்மா" என்று எழுதினால் போதும், மீதியை உலாவி செய்துவிடும்.

2008 செப்டம்பர் 2-இல் குரோம் வந்தது. முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி. ஒரு தளத்தில் தேடினால் அதன் குறுக்குவழியைத் தானே கற்றுக்கொண்டது. தளத்தின் பெயரைத் தொடங்கி டேப் தட்டினால் போதுமாக இருந்தது. அருமையான வேலை. ஆனால் அந்தப் பெட்டியில் எதை எழுதினாலும் ஒரு தேடுபொறிக்கே போகும் பழக்கமும் அதோடு வேரூன்றியது. போக வேண்டிய இடம் தெரிந்தவர்கள்கூட இப்போது தேடுபொறியின் வாசலில் நின்று, விளம்பரங்களைத் தாண்டி, பிறகுதான் அகராதிக்குள் நுழைகிறார்கள். நேர்வழி மூடப்படவில்லை, மறக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் தினமும் போகும் அகராதியில் ஒரு சொல்லைத் தேடுங்கள். மேலே முகவரியில் அந்தச் சொல் தெரிந்தால், அந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியையும் சிறிய எஸ்ஸையும் வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் புத்தகக்குறியாகச் சேமித்துக் கீவேர்ட் கட்டத்தில் ஓர் எழுத்து. குரோம் என்றால் அமைப்புகளில் தேடுபொறிப் பகுதியில் புதிதாகச் சேர்த்து அதே எழுத்து. ஐந்து நிமிட வேலை. அந்த எழுத்து தமிழ் எழுத்தாகவே இருக்கட்டும்.