மூலத்திலிருந்து அறிவுரைக்கு: மென்பொருள் உருவாக்குநரின் வாசிப்பு வரலாறு (1951–2019)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற கட்டாயப் பதிவோ உரிமத் தேர்வோ மென்பொருள் உருவாக்குநருக்கு இல்லை. அவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியவை நூல்கள். நிரலாளர் எதை வாசிக்க வேண்டும் என்பது குறித்து அத்தொழிலுக்குள் நிலவிய கருத்து, 1951 முதல் 2019 வரை எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாசிப்பின் பொருள் நிரலிலிருந்து நிரலாளரின் நடத்தைக்கு நகர்ந்தது; அதனோடு கற்றலின் பொறுப்பும் நிறுவனத்திடமிருந்து தனிமனிதரிடம் சென்றது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நிரலாக்க நூல்கள், மூலநிரல், தொழில்முறை வாசிப்பு, உரிமம், தொழில் வளர்ச்சி.

முன்னுரை

டாம் டிமார்கோவும் டிமத்தி லிஸ்டரும் 1987இல் வெளியிட்ட 'பீப்பிள்வேர்' என்னும் நூல், சராசரி மென்பொருள் உருவாக்குநர் தம் தொழில் பற்றிய ஒரு நூலைக்கூடச் சொந்தமாக வைத்திருப்பதில்லை, வாசித்ததும் இல்லை என்று கூறுகிறது. அக்கூற்றின் புள்ளிவிவர வலிமை ஒருபுறம் இருக்க, பிற்கால நூல்களில் அது பெற்ற வாழ்வு ஆராயத்தக்கது. வாசியாமையைக் குறை என்று சுட்டுவதற்கு, வாசிப்பு ஒரு தகுதி என்னும் எண்ணம் முன்பே வேரூன்றியிருக்க வேண்டும். அவ்வெண்ணம் இத்தொழிலில் எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நிரலாளர் தம்மை ஒரு தொழில்நெறிப் பிரிவினராக நிறுவிக்கொள்ள முயன்ற வரலாற்றை நேதன் என்ஸ்மெங்கர் தம் 'தி கம்ப்யூட்டர் பாய்ஸ் டேக் ஓவர்' (2010) நூலில் விரிவாக எழுதியுள்ளார். திறனறித் தேர்வு, சான்றிதழ், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றில் அவர் காட்டிய கவனத்தை இக்கட்டுரை நூலலமாரியின் பக்கம் திருப்புகிறது. எடுத்துக்கொண்ட நூல்கள் அனைத்தும் ஆங்கில நூல்கள்; இத்தொழிலின் பொது வாசிப்பு அம்மொழியிலேயே உருப்பெற்றது என்பதே அதற்குக் காரணம்.

இயந்திரத்தோடு வந்த நூல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணிப்பொறி 1949 மே மாதம் முதன்முதலாக இயங்கியது. அதனைப் பயன்படுத்துவோருக்காக மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் எழுதிய 'தி பிரிப்பரேஷன் ஆஃப் புரோகிராம்ஸ் ஃபார் அன் எலக்ட்ரானிக் டிஜிட்டல் கம்ப்யூட்டர்' 1951இல் அமெரிக்காவின் அடிசன்-வெஸ்லி பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. நிரலாக்கத்துக்கென அச்சான முதல் பாடநூலாக இது கருதப்படுகிறது. நிரலை அமைக்கும் முறையை விளக்குவதோடு இந்நூல் நின்றுவிடவில்லை. எட்சாக்கின் துணைநிரல் நூலகத்திலிருந்த துணைநிரல்களின் விவரங்களும் அவற்றுட் சிலவற்றின் கட்டளை வரிகளுமே இதில் கணிசமான இடம் பெற்றன. ஆகவே தொடக்கத்தில் நிரலாக்க நூலை வாசிப்பது என்பது பிறர் எழுதிய நிரலை வாசிப்பதையும் உள்ளடக்கியிருந்தது.

அடுத்த பத்தாண்டில் டேனியல் மெக்கிராக்கனின் நூல்கள், குறிப்பாக 1961இல் வந்த ஃபோர்ட்ரான் வழிகாட்டி, பரவலாக வாசிக்கப்பட்டன. ஆயினும் அக்காலத்தில் நிரலாளரை உருவாக்கியது நூல் அன்று; வேலை கொடுத்த நிறுவனமே. சேஜ் வான்காப்பு அமைப்புக்கு நிரல் எழுதுவதற்காக ராண்ட் கழகத்திலிருந்து பிரிந்து தோன்றிய சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், முன்னனுபவம் இல்லாதவர்களைத் திறனறித் தேர்வின் வழியே தெரிந்தெடுத்து, தன் செலவிலேயே பயிற்றுவித்தது. இச்செய்தி பின்னர் வரும் மாற்றத்தை அளவிட உதவும்.

1962இல் டொனால்ட் கனூத்தை மொழிமாற்றி நிரல்கள் பற்றி ஒரு நூல் எழுதித் தருமாறு அடிசன்-வெஸ்லி கேட்டது. அதன் விளைவான 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' வரிசையின் முதல் தொகுதி 1968இல் வந்தது. வரிசை இன்னும் நிறைவுறவில்லை. மிக்ஸ் என்னும் கற்பனைக் கணிப்பொறியின் அடிநிலை மொழியில் அதன் நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. பிழை கண்டுபிடிப்போருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவது 2008 வரை கனூத்தின் வழக்கமாக இருந்தது. பதினாறடிமான எண்முறையில் நூறு என்பது 256 ஆகும்; அத்தனை சென்ட்! அக்காசோலையைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிவைத்தோர் உண்டு. வரிக்கு வரி சரிபார்த்து வாசிப்பவரே தம் வாசகர் என்று ஆசிரியர் கொண்ட எதிர்பார்ப்பை இவ்வழக்கம் காட்டுகிறது.

நிரலை வாசித்த பத்தாண்டு

நிரல் என்பது இயந்திரத்துக்கு இடும் கட்டளை மட்டுமன்று, மனிதர் வாசிக்கும் பனுவலும் ஆகும் என்னும் கருத்து 1970களில் வலுப்பெற்றது. ஜெரால்ட் வைன்பெர்கின் 'தி சைக்காலஜி ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' (1971) நிரலை வாசித்தல் பற்றிய இயலோடுதான் தொடங்குகிறது. நிரலாளர் நிரலை எழுதுகின்றனரேயன்றி வாசிப்பதில்லை என்பதும், முனையங்களின் வருகை அவ்வழக்கத்தை மேலும் குறைக்கிறது என்பதும் அவர் கவலை. அதே நூலில் அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்தில் தின்பண்ட விற்பனை இயந்திரங்களைச் சுற்றி மாணவர் எழுப்பிய இரைச்சலால் அவ்வியந்திரங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. சில நாள்களில் ஆலோசகரின் மேசைமுன் வரிசை நீண்டது. மாணவர் தம் சிக்கல்களை ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொண்ட இடம் அந்த இயந்திரங்களின் அருகேதான் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஏட்டுக்கு வெளியே நிகழ்ந்த இவ்வகைக் கல்வியை நூல் வரலாறு எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

பிரையன் கெர்னிஹானும் பி. ஜே. பிளாகரும் 1974இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் புரோகிராமிங் ஸ்டைல்' வேறொரு துணிச்சலான வேலையைச் செய்தது. ஸ்ட்ரங்க், ஒயிட் ஆகியோரின் ஆங்கில உரைநடைக் கையேட்டை முன்மாதிரியாகக் கொண்ட அந்நூல், ஏற்கெனவே அச்சில் இருந்த நிரலாக்கப் பாடநூல்களிலிருந்தே நிரல்களை எடுத்து, அவற்றின் குறைகளைச் சுட்டி, திருத்தி எழுதிக் காட்டியது. விதி முதலில் வரவில்லை. பனுவல் முதலில் வந்தது, விதி அதிலிருந்து பிறந்தது. இம்முறையின் சிறப்பு பின்வந்த அறிவுரை நூல்கள் பலவற்றில் காணப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இப்பத்தாண்டின் தலைசிறந்த சான்று ஜான் லயன்ஸ் ஆவார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், யூனிக்ஸ் இயக்கமுறைமையின் ஆறாம் பதிப்பு மூலநிரலை 1976–77 அளவில் தம் மாணவருக்காக ஒழுங்குபடுத்தினார். ஏறத்தாழ 9,000 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எண். அதற்கு விளக்கம் தனி நூலாக அமைந்து வரியெண்களைச் சுட்டியே நடந்தது. தமிழ்ப் பதிப்பு மரபில் பழகிய கண்ணுக்கு இது 'மூலமும் உரையும்' என்றே தோன்றும். லயன்ஸ் மூலத்தைப் புகழ்வதோடு நிற்கவில்லை; எளிதில் விளங்காத இடங்களை விளங்காதவை என்றே குறித்தார், திருத்தத்தக்கவற்றைச் சுட்டினார்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிம விதிகள் மூலநிரலை வகுப்பறையில் பாடமாக்குவதைத் தடுத்தன. ஏடிஅண்ட்டி நிறுவனம் அம்மூலத்தைத் தன் வணிக இரகசியமாகக் கருதியது. அதன்பின் லயன்ஸின் உரை ஒளிநகல்களாக, நகலின் நகல்களாகக் கைமாறிப் பரவியது. முறையான அச்சு நூலாக அது வெளிவந்தது 1996இல்தான். ஏறத்தாழ இருபதாண்டுக்காலம் ஒரு பாடநூல் மறைவாக வாசிக்கப்பட்டது என்பது, பிறர் நிரலை வாசிக்கும் தேவை அத்தொழிலில் எவ்வளவு ஆழமாக உணரப்பட்டது என்பதற்குச் சான்று.

தடையின் மற்றொரு விளைவு ஆண்ட்ரூ டானன்பாமின் நூல். யூனிக்ஸ் மூலத்தைக் கற்பிக்க இயலாத நிலையில் அவர் ஆம்ஸ்டர்டாமில் மினிக்ஸ் என்னும் சிறிய இயக்கமுறைமையைத் தாமே எழுதி, அதன் மூலநிரலையும் சேர்த்து 1987இல் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: டிசைன் அண்ட் இம்ப்ளிமென்டேஷன்' என வெளியிட்டார். அந்நூலை வாசித்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தார்.

குணநலனும் முதலீடும்

நிரலை விட்டு, நிரல் எழுதும் மனிதரையும் குழுவையும் பேசும் நூல்களும் இதே காலத்தில் தோன்றின. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மந்த்' அவற்றுள் முதன்மையானது. தாமதமான பணியில் ஆள்களைக் கூட்டினால் தாமதம் மிகும் என்னும் அதன் கருத்து பலரும் அறிந்தது. ஆனால் புரூக்ஸின் நூல் மேலாண்மையை நோக்கிப் பேசியது. தனி நிரலாளரை நோக்கிப் பேசும் நூல்வகை 1990களில்தான் முழு உருப்பெற்றது.

ஸ்டீவ் மெக்கானலின் 'கோட் கம்ப்ளீட்' (1993) அவ்வகையின் பெருநூல். அதன் பெரும்பகுதி மாறிகளுக்குப் பெயரிடுதல் முதல் பிழைநீக்கம் வரை நிரலைப் பற்றியதே. எனினும் நிரலாளரின் குணநலன் பற்றி ஓர் இயல் அதில் உண்டு. வாசிப்பு அங்கே அறிவார்வத்தின் அடையாளமாக வைக்கப்படுகிறது. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஆண்டுக்கு ஒரு நூல் வாசிப்பதே பெரும்பாலோர் வாசிப்பதைவிட மிகுதி என்று 'பீப்பிள்வேரை'ச் சுட்டிக் கூறுகிறது; இரண்டு மாதத்துக்கு ஒரு நூல், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 35 பக்கம் போதும் என்றும் கணக்கிடுகிறது. மேலும், மெக்கானலின் சொந்த நிறுவனத்தில் வழங்கிய வாசிப்புத் திட்டம் தொடக்கநிலை, பயிற்சிநிலை, தொழில்முறைநிலை என மூன்று படிகளாக அதன் இறுதி இயலில் தரப்பட்டது. நூற்பட்டியல் இங்கே பாடத்திட்டமாகவும் படிநிலைத் தகுதியாகவும் மாறுவதைக் காணலாம்.

ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் ஆகியோரின் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' (1999) ஒரு படி மேலே சென்றது. நிரலாளரின் அறிவை அது நிதி முதலீட்டுத் தொகுப்பாக உருவகித்தது. முதலீட்டைப் பல துறைகளில் பரப்ப வேண்டும், தொடர்ந்து கூட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒரு புதிய நிரல்மொழி கற்க வேண்டும், காலாண்டுக்கு ஒரு தொழில்நூல் வாசிக்க வேண்டும். அறிவு காலாவதியாகும் சொத்து என்னும் இவ்வுருவகம் பொருத்தமற்றது அன்று. ஆனால் அதன் வரலாற்று இடம் கவனிக்கத்தக்கது. சேஜ் காலத்தில் நிறுவனத்தின் செலவாக இருந்த பயிற்சி, இங்கே பணியாளரின் சொந்த முதலீடாகி, அவரது ஓய்வுநேரத்துக்குள் வந்துவிடுகிறது. நூல் அதற்காக யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. அதை இயல்பான நிலையாக ஏற்றுக்கொண்டே பேசுகிறது.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகவே குறிக்கலாம். ராபர்ட் மார்ட்டினின் 'கிளீன் கோட்' (2008) நிரலின் தூய்மையைத் தொழில்நெறியாக்கியது. அவரது 'தி கிளீன் கோடர்' (2011) தலைப்பிலேயே நிரலை விட்டு ஆளுக்கு நகர்ந்தது. டேவ் ஹூவரும் அடிவாலே ஓஷினேயும் எழுதிய 'அப்ரென்டிஸ்ஷிப் பேட்டர்ன்ஸ்' (2009) வாசிப்புப் பட்டியல் வைத்திருப்பதையும் இடைவிடாது வாசிப்பதையும் தனித்தனி உத்திகளாகவே வகுத்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். லினக்ஸ் உள்ளிட்ட திறந்த மூலநிரல்கள் எவரும் வாசிக்கத்தக்கவையாகிவிட்ட பின்னர், நிரல் வாசிப்பு குறைந்தது என்று சொல்லலாகுமா? டயோமிடிஸ் ஸ்பினெலிஸின் 'கோட் ரீடிங்' (2003) அவ்வளத்தைப் பயன்படுத்தவே எழுதப்பட்டது. ஆனால் 'கோடர்ஸ் அட் வொர்க்' (2009) நூலுக்காகப் பதினைந்து நிரலாளரை நேர்கண்ட பீட்டர் சீபல், நிரல் வாசிப்பைப் பரிந்துரைத்தவர்களுள்ளும் அதனை வழக்கமாகச் செய்தவர் மிகச் சிலரே எனக் கண்டார். நிரல் இலக்கியமன்று, இயற்கையறிஞர் ஆராயும் உயிரினத்தைப் போன்றது என்பது 2014இல் அவர் வந்தடைந்த முடிவு. இதை முழுதும் ஏற்க இயலவில்லை. லயன்ஸின் வாசகர்களுக்கு மூலம் மட்டும் கிடைக்கவில்லை, உரையும் கிடைத்தது. வாசிப்பின் எல்லை 9,000 வரியாக வரையறுக்கப்பட்டிருந்தது. இன்று மூலம் பெருகியுள்ளது, உரையாசிரியர் பெருகவில்லை.

உரிமம் என்னும் மாற்றுவழி

நூல்கள் தகுதிச் சான்றாக வளர்ந்த அதே ஆண்டுகளில் வேறொரு வழியும் முயலப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1998இல் மென்பொருள் பொறியியலை உரிமத்துக்குரிய பொறியியல் துறையாக ஏற்றது. ஏசிஎம் என வழங்கும் கணிப்பொறியாளர் சங்கம் மறுஆண்டே அதனை எதிர்த்தது; பொதுநலனைக் காக்கும் அளவுக்கு இத்துறையின் அறிவு இன்னும் உறுதிப்படவில்லை என்பது அதன் நிலைப்பாடு. ஐஇஇஇ கணிப்பொறிச் சங்கம் தன் வழியில் தொடர்ந்து, துறை அறிவைத் தொகுக்கும் வழிகாட்டியை 2004இல் வெளியிட்டது. அவ்வழிகாட்டியின் மென்பொருள் கட்டுமான இயல் சார்ந்து நின்ற நூல்களுள் 'கோட் கம்ப்ளீட்'டும் ஒன்று. உரிமத்துக்கான அடிப்படையைத் தேடியவர்களும் கடைசியில் அலமாரியிலிருந்த அதே நூல்களிடமே வந்து சேர்ந்தனர்.

மென்பொருள் பொறியாளருக்கான தேசிய உரிமத் தேர்வு அமெரிக்காவில் 2013இல் தொடங்கியது. எழுத முன்வந்தோர் மிகக் குறைவு. 2019 ஏப்ரலுக்குப் பின் அத்தேர்வு நடத்தப்படவில்லை. 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பும் 2019இலேயே வெளிவந்தது. காலாண்டுக்கு ஒரு நூல் என்றிருந்த பரிந்துரை அதில் மாதத்துக்கு ஒரு நூல் என மாற்றப்பட்டிருந்தது.