இரட்டைப் பெயரின் சரித்திரம்

1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில் இறந்த சுப்பிரமணிய சிவாவைப் பாடப்புத்தகங்கள் வ. உ. சி.யின் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு நினைவுகூர்கின்றன. 1908இல் இருவரும் கைதானதோடு அவருடைய சரித்திரம் அநேகமாக முடிந்துவிடுகிறது. சிறையில் பற்றிய தொழுநோயுடன் அவர் ஊர் ஊராக நடந்ததும், பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப இங்கே நிலம் வாங்கியதும் காற்புள்ளிக்கு அப்பால் நடந்தவை. அவற்றை இந்த ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

எட்கர் ரைட் 2021இல் வெளியிட்ட 'தி ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்' டாக்குமெண்டரியைப் பார்த்தபோது இந்தக் காற்புள்ளியைத்தான் நினைத்துக்கொண்டேன். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களான ரான் மேல், ரஸல் மேல் சகோதரர்களின் முதல் இசைத்தட்டு 1971இல் வந்தது. 1974இல் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றார்கள். பிறகு மறக்கப்பட்டார்கள், மீண்டார்கள். ஒரு சிறு ரசிகர் கூட்டம் மட்டும் அவர்களை விடவேயில்லை. ரைட் அவர்களுடைய இசைத்தட்டுகளை வரிசைக்கிரமமாக எடுத்துக்கொள்கிறார். விற்காதவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. 1988க்குப் பிறகு 1994 வரை அவர்கள் புதிய இசைத்தட்டு எதுவும் வெளியிடவில்லை. ஒரு சினிமாவுக்காக உழைத்து, அது கைகூடாமல் போனது. அந்த ஆண்டுகளையும் படம் ஒதுக்கிவிடவில்லை. தோல்வியும் ஒரு தடயம் என்பது ரைட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்முடைய விஸ்வநாதன்-ராமமூர்த்தி சரித்திரத்தில் இல்லாதது இந்த நேர்மைதான். 1952இல் சி. ஆர். சுப்பராமன் இளவயதில் இறந்தபோது, அவரிடம் வேலை செய்த இருவரும் அவர் விட்டுப்போன படங்களை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு 'பணம்' படத்தில் அவர்களுடைய பெயர்கள் இணைந்தன. வயதில் ஆறு ஆண்டு மூத்த ராமமூர்த்தி பெயர் வரிசையில் இரண்டாமவர். 1963இல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிவு. அதன்பின் கதை விஸ்வநாதனோடு போய்விடுகிறது.

இருவரில் யார் என்ன செய்தார் என்ற கேள்விக்கு இன்றுவரை வம்புதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவர் மெட்டு, அவர் வாத்தியச் சேர்க்கை என்று பிரித்துவிடுவது வசதியான வாய்ப்பாடு. அதைச் சோதிக்க இரண்டாமவரின் தனிப் படங்கள் இருக்கின்றன: 1966இல் 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 1967இல் 'நான்', 1969இல் 'தங்கச் சுரங்கம்'. இவற்றை அதே ஆண்டுகளில் விஸ்வநாதன் தனியாகச் செய்தவற்றின் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். பிரிந்தபின் ஒருவரிடம் தொடர்ந்தது எது, இருவரிடமுமே இல்லாமல் போனது எது என்பது அப்போது காதுக்குப் புலப்படும். இல்லாமல் போனதுதான் கூட்டுப்படைப்பு. படங்களின் எண்ணிக்கையை வைத்து ராமமூர்த்தியைச் சிறியவராக்குவது வியாபாரியின் கணக்கு. விமர்சகனுக்கு அது உதவாது.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மறுபடியும் சேர்ந்தார்கள். 2012இல் தமிழக முதல்வர் இருவருக்கும் ஒரே மேடையில் ஒரே பட்டம் வழங்கினார். ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் இறந்தார்கள். மேல் சகோதரர்களைப் போல இருவரையும் அருகருகே உட்காரவைத்துக் கேட்பது இனி நடக்காது. பாட்டுகள் இருக்கின்றன. இந்தச் சரித்திரத்தை எழுதப்போகிறவர் 1966இலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவது நல்லது.