நாணயம் என்னும் ஒரு சொல்

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே; சொன்ன சொல் தவறாமையும் நாணயமே. கடைத்தெருவில் ஒருவனை நாணயமானவன் என்று சொன்னால், அவனிடம் காசு மிகுதி என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கொடுக்கல் வாங்கலில் நேர்மையுடையவன் என்றே கொள்வர். காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்களின் வழிவந்தவர் நாம். வள்ளுவரும் அறத்துப்பாலை அடுத்துப் பொருட்பாலை வைத்தாரேயன்றி, அறம் சொல்லிப் பொருளை விலக்கினாரல்லர். ஆயினும், பொருளீட்டலும் இறைபற்றும் ஒரு நெஞ்சில் ஒருங்கே குடியிருத்தல் கூடுமோ என்னும் வினா, சிறப்பாகக் கிறித்தவத் தமிழரிடையே, தலைமுறைதோறும் எழுந்துகொண்டே இருக்கின்றது.

அதற்குக் காரணமும் உண்டு. செல்வர் விண்ணரசில் புகுவதன் அருமையை ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் கொண்டு விளக்கும் உவமை விவிலியத்தில் உளது. அதே நூலில், தலைவன் தந்த தாலந்துகளை வணிகத்திலிட்டுப் பெருக்கிய ஊழியர் பாராட்டப்படுவதும், மண்ணில் புதைத்து வைத்தவன் கடியப்படுவதும் உள. திருத்தூதர் பவுலோ கூடாரத் தொழில் செய்து, தம் கையுழைப்பால் உண்டவர். இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, செல்வமே பாவம் என்று ஒதுங்குவார் ஒரு சாரார். செல்வம் வந்ததே இறையருளுக்குச் சான்று என்று மகிழ்வார் மற்றொரு சாரார். இரண்டும் எளிய விடைகள். வரலாறோ இத்துணை எளிதாக விடை பகர்வதில்லை. தமிழகத்திலும், நாம் வந்து குடியேறிய இக்கன்னட நாட்டிலும் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

புதுச்சேரித் தரகர்கள்

முதலில் நம் கண்முன் நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி. பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகம் அனைத்தும் தலைமைத் தரகர் ஒருவர் வாயிலாகவே நடைபெற்றது. நெசவாளரிடம் துணி கொள்வதும், முன்பணம் தருவதும், உள்ளூர் வணிகரோடு பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. அப்பதவி செல்வத்திற்கும் செல்வாக்கிற்கும் வாயிலாயிற்று. அதில் அமர்ந்திருந்த நைனியப்ப பிள்ளை இந்து சமயத்தவர். கிறித்தவ அரசனின் கம்பெனிக்குக் கிறித்தவரே தரகராதல் வேண்டும் என்று சேசு சபைக் குருமார் இடைவிடாது வற்புறுத்தி வந்தனர்.

1716 ஆம் ஆண்டில் ஆளுநர் எபேர் என்பார் நைனியப்பரைச் சிறையிலிட்டார். கடைத்தெருவில் ஐம்பது கசையடியும், சிறையும், நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717 இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவரிடத்தில் கிறித்தவரான கனகராய முதலியார் அமர்த்தப்பட்டார். நைனியப்பரின் மைந்தர் குருவப்ப பிள்ளை நீதி வேண்டிக் கடல் கடந்து பிரான்சு சென்றார். தந்தையார்மீது கூறப்பெற்ற தீர்ப்பு தள்ளப்பட்டது. பாரிசில் திருமுழுக்குப் பெற்று, செவாலியர் பட்டமும் கொண்டு மீண்ட குருவப்பர், தந்தையார் இருந்த அதே பதவியில் அமர்ந்தார். 1724 இல் அவர் மறைந்தபின் கனகராயர் மீண்டும் தரகரானார்.

இந்நிகழ்ச்சியில் சமயம் வணிகத்தோடு இணைந்ததா? இணைந்தது, ஆயின் எவ்வகையில் இணைந்தது என்பதே கேள்வி. ஒருவரது நம்பிக்கை, பதவிக்குரிய தகுதிச் சீட்டாக ஆக்கப்பட்டது. நம்பிக்கை அவர் நடையைத் திருத்துகின்றதா என்று எவரும் கேட்டிலர். பெயரேட்டில் எப்பக்கம் நிற்கின்றார் என்றே கேட்டனர். இத்தகைய இணைப்பால் வணிகமும் தூய்மை பெறவில்லை. சமயமும் பெருமை பெறவில்லை.

எனினும் கனகராயரை இதனோடு விட்டுவிடுதல் முறையன்று. 1745 இல் ஒழுகரையில் அவர் தம் செலவில் ஒரு கோயில் எழுப்பினார். அதன் விழாவிற்குக் கிறித்தவரையும் ஐரோப்பியரையும் மட்டுமன்றி, ஊரிலுள்ள எல்லாச் சாதியாரையும் அழைத்து விருந்து படைத்தார். அவரவர் வழக்கிற்கேற்பத் தனித்தனியே சமையலும் நடந்தது. இதனை நமக்குச் சொல்லிவைத்தவர் நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கனகராயரின் நண்பர் அல்லர். நைனியப்பர் குடும்பத்தோடு உறவுடையவர். கனகராயர் 1746 இல் மறைந்தபின் அப்பதவியைப் பெற்றவர். விருந்தை வியந்த அவரே, கிறித்தவர் ஒருவர் சாதி வழக்கினைப் பேணிய முறையையும் சுட்டத் தவறவில்லை. ஈகை பெரிது, ஆயின் பந்தி ஒன்றன்று. செல்வரின் அறம் தம் காலத்தின் வேலியை எட்டி நின்றுவிடுவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நாகர்கோவில் நூலும் ஊசியும்

வேறொரு காட்சி தென்கோடியில் தோன்றுகின்றது. இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1821 அளவில் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பின்னல் சரிகைத் தொழிலைக் கற்பித்தார். லேஸ் என்று இன்று நாம் வழங்குவது அதுவே. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. 1855 இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பள்ளிக்கு வந்த சிறுமியருள் அடிமைக் குடியிற் பிறந்தோரும் இருந்தனர். தம் விரல்கள் பின்னிய சரிகையை விற்று வந்த பணத்தால் தம்மையே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு என்று அந்த மிஷனின் வரலாறு கூறுகின்றது.

இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பெண்களிடம் சென்று, காசு தீயது என்று எவரேனும் போதித்திருப்பின் அப்போதனை எத்துணைக் கொடிதாயிருந்திருக்கும்! அவர்கட்குக் காசு பேராசையின் பொருளன்று, விடுதலையின் திறவுகோல். மால்ட் அம்மையாரின் மகள் எலிசா, மொழிநூல் அறிஞர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்று அங்கும் அத்தொழிலைப் பரப்பினார்.

மங்களூர் ஓடு

இனி, நாம் வாழும் நாட்டிற்கு வருவோம். பெங்களூரில் பழைய வீடுகளின் கூரையை அண்ணாந்து பார்த்தோர் மங்களூர் ஓட்டை அறிவர். கண்டோன்மெண்ட் பகுதியின் பழைய பங்களாக்கள் பல அவ்வோட்டின் நிழலிலேயே எழுந்தன. அச்செவ்வோட்டின் பின்னே, நாம் பேசும் வினாவிற்கு ஒரு நூற்றாண்டளவு விடை தேடியோரின் கதை மறைந்து கிடக்கின்றது.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் 1815 இல் தோன்றிய பாசல் மிஷன், 1834 இல் மங்களூரில் வந்திறங்கியது. அதன் சபையில் சேர்ந்தோர் பலர் சேர்ந்த அன்றே பிழைப்பை இழந்தனர். சாதியினின்று விலக்கப்பட்டோர்க்கு நிலமில்லை, குலத்தொழில் இல்லை, வேலை தருவாரும் இல்லை. நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு வழி காட்டாமல் நிற்பது அறமாகுமா என்னும் கேள்வி மிஷனின் முன் வந்து நின்றது. தருமம் அளித்துக்கொண்டேயிருப்பின் மக்கள் கையேந்துவோராவர். ஆகவே தொழில் தருவதே தக்கது என்று துணிந்தனர்.

துணிந்த உடனே வெற்றி கிட்டிற்றா எனின், இல்லை. பயிர்த்தொழிலும் வேறு சில முயற்சிகளும் கைகொடுக்கவில்லை. 1841 இல் நிறுவிய அச்சகம் நிலைத்தது. 1843 இல் கன்னடத்தின் முதற் செய்தித்தாளாகிய மங்களூர சமாசாரம் ஹெர்மன் மோக்லிங் என்பாரால் வெளியிடப்பட்டது. கிட்டல் தொகுத்த கன்னட அகராதி 1894 இல் வெளிவந்ததும் அம்மிஷனின் அச்சகத்திலிருந்தே. நம் நகரின் மகாத்மா காந்தி சாலையில் சிலையாய் நிற்பவர் அக்கிட்டலே. 1851 இல் ஹாலர் என்பார் நெசவுத் தொழிலைச் சீர்ப்படுத்தினார்; காக்கித் துணியின் வரலாற்றில் அவர் பெயர் பேசப்படுகின்றது. 1865 இல் பிளப்ஸ்ட் என்பார் மங்களூர் ஜெப்பு என்னுமிடத்தில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து, எந்திரத்தால் அழுத்தி, சூளையிற் சுட்டெடுத்த அவ்வோடு ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வது, எடை குறைந்தது, கூரைக்குப் பாரம் மிகாதது. பின்னர் மலபாரில் கோழிக்கோடு, பாலக்காடு முதலிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மிஷனைக் கண்டு மங்களூர்க் கத்தோலிக்கரும் பிறரும் தாமும் ஓட்டுத் தொழிலில் இறங்கினர். ஒரு சபையின் ஏழைகட்காகத் தொடங்கிய தொழில் ஒரு வட்டாரத்தின் தொழிலாக மலர்ந்தது.

இவர்களது கணக்கு முறையில்தான் நம் கருத்து ஊன்றுதற்குரியது. 1859 இல் பாசலில் மிஷன் வணிகக் கம்பெனி ஒன்று பங்கு முதலோடு நிறுவப்பட்டது. பங்குதாரர் பெறும் ஆதாயத்திற்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதை ஊழியத்திற்கு அளிப்பது அதன் ஏற்பாடு. அக்கம்பெனி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் வணிகம் செய்தது. அங்கே பிற ஐரோப்பிய வணிகர் மதுவிற்று மலைபோற் பணம் குவித்த காலத்தில், இவர்கள் மதுவை விற்க மறுத்தனர். ஆதாயம் வேண்டும், ஆயின் எல்லா ஆதாயமும் வேண்டா என்னும் துணிவு இது. எல்லையில்லாத ஆசைக்கும் ஆசையே கூடாதென்னும் துறவிற்கும் இடைப்பட்ட வழியொன்று இங்கே கணக்கேட்டில் எழுதப்பட்டது.

குறையும் கூறுதல் வேண்டும்

நிறையை மட்டும் கூறி முடிப்பின் யாம் வரலாறு எழுதியவராகோம். வேலை தருபவரும் ஆன்மாவிற்கு வழிகாட்டுபவரும் ஒருவரேயாயின், தொழிலாளியின் நிலை என்ன? கூலி குறைவென்று அவன் யாரிடம் முறையிடுவான்? தொழிற்சாலையில் கண்டிப்பவரே கோயிலிலும் கண்டிப்பாராயின், அவன் பணிவு பக்தியா அச்சமா என்று யார் பிரித்துக் காண்பார்? அன்றியும், சோற்றுக்காகச் சபைக்கு வந்தவர் என்னும் பழிச்சொல் உண்மையாக வந்தோரையும் சுட்டது. மிஷனுக்குள்ளேயே இதுபற்றிப் பல காலம் வழக்காடினர். போதிப்பதற்கென வந்தோர் சூளைக்கும் தறிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருத்தல் தகுமா என்று கேட்டோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வழக்கு முடிவுறாமல் நடந்ததே அவர்கள் மனச்சான்று உறங்கவில்லை என்பதற்கு அறிகுறி.

முடிவை வேறொன்று கொணர்ந்தது. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் தொடர்புடைய அம்மிஷனின் தொழிற்சாலைகள் அரசின் வசமாயின. பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. தொழில் போனால் சபையும் போம் என்று எண்ணியிருந்தோர் பலர் இருந்திருத்தல் கூடும். ஆயின் சபை அழியவில்லை; அதன் கோயில்களில் வழிபாடு தொடர்ந்தது. சோற்றுக்கு வந்தோர் என்று ஏசப்பட்டோர், சோறிட்ட கை அகன்றபின்னும் அங்கேயே நின்றனர். பழிச்சொல்லுக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

நம் நகரும் நம் இளைஞரும்

1809 இல் பெங்களூரில் படைப்பாளையம் அமைந்த நாள்தொட்டுத் தமிழர் இங்கே பெருகி வந்தனர். படைவீரரும், கொத்தரும், தையற்காரரும், சிறுகடை வணிகரும், ஒப்பந்தக்காரருமாக அவர்கள் வாழ்வைக் கட்டினர். 1820 இல் இலண்டன் மிஷன் இங்கே பணி தொடங்கியபோது தமிழும் அதன் போதனை மொழியாய் இருந்தது. 1882 இல் இன்றைய வடிவில் எழுந்த சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தில் தமிழ் வழிபாடு ஒலிக்கின்றது. இன்றோ நம் பிள்ளைகள் கைத்தொழிலோடு நிற்கவில்லை. கணினித் தொழிலிலும் பிற துறைகளிலும் தாமே நிறுவனங்கள் தொடங்குகின்றனர். அவர்களுள் நம்பிக்கையுடையோர் சிலர், தாம் தேடும் பொருள் தம் இறைவனுக்கு ஏற்புடையதோ என்று வினவும்போது, பெரியோராகிய நாம் ஒன்று அச்சுறுத்துகின்றோம்; அன்றேல், காணிக்கை கொடுத்துவிடு என்று கூறி அமைகின்றோம். இரண்டும் போதா.

வரலாறு அவர்கட்கு வேறு விடை பகரக் காண்கின்றோம். ஈட்டியபின் எவ்வளவு ஈந்தாய் என்பது இரண்டாம் கேள்வியே. ஈட்டும்போது எவ்வாறு ஈட்டினாய் என்பதே முதற் கேள்வி. கனகராயர் கோயிலும் எழுப்பினார், விருந்தும் படைத்தார். ஆயின் அவர் பதவியேற்ற வழியில் ஒருவரது குருதி படிந்திருந்தது. மங்களூரில் கூலி கொடுத்தது அறம். அக்கூலியை வழிபாட்டோடு பிணைத்தது இடர். நாகர்கோவிலில் ஒரு சிறுமி பின்னிய சரிகையோ அவளையே அவளுக்கு மீட்டுத் தந்தது. உன் தொழிலால் உன்னிடம் பணிபுரிவோன் நிமிர்ந்து நிற்கின்றானா, குனிந்து நிற்கின்றானா? உன் ஆதாயத்திற்கு நீயே வகுத்துக்கொண்ட எல்லை யாது? உன் சமயத்தைச் சாராதவனுக்கும் உன் தராசு ஒரே நிறைதானா? இவ்வினாக்கட்கு நாணாமல் விடை கூறவல்லவன் செல்வனாயினும் குற்றமில்லை.

கிறித்தவர்க்கென எழுதத் தொடங்கிய இவ்வினாக்கள் எச்சமயத்தார்க்கும் பொருந்துவதை அன்பர்கள் கண்டிருப்பர். சமயம் பலவாயினும் சங்கம் ஒன்றாகிய நம்மிடையே, தராசின் முள் அனைவர்க்கும் ஒன்றே. அடுத்த முறை ஒரு பழைய வீட்டின் செவ்வோட்டுக் கூரையைக் காணும்போது, அது மழையைத் தடுத்த கதையோடு, பசித்தவர்க்கு வேலை தந்த கதையையும் நம் பிள்ளைகட்குச் சொல்வோமாக. காசும் நேர்மையும் ஒரே சொல்லில் வாழும் மொழியைப் பேசுவோர், அவ்விரண்டையும் ஒரே வாழ்விலும் கொண்டு வாழ்வாராக.