பொரோடேலின் பாறையும் முதுமரங்களும்

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த கம்பிரியாப் பகுதியில், பொரோடேல் என்னும் மலைப்பள்ளத்தாக்கு உளது. சிறு குடியிருப்புகள் சிலவற்றைக் கொண்ட நாட்டுப்புறப் பங்கு அது. அங்குச் செல்வோர் தேடிக் காண்பன இரண்டு: ஒரு பெரும்பாறை, சில முதுமரங்கள்.

பௌடர்ப் பாறை ஏறக்குறைய 30 அடி உயரமுடையது. அடி ஒடுங்கி, மேற்புறம் அகன்று, ஒரு விளிம்பிலே சமநிலைகொண்டு நிற்கின்றது. 1798 ஆம் ஆண்டில் யோசேப்பு பொக்லிங்டன் என்னும் செல்வர் அந்நிலத்தை வாங்கினார். பாறையைச் சூழ்ந்து கிடந்த கற்களை அகற்றி, உச்சிக்கு ஏணி அமைத்து, வருவோர்க்குப் பாறையைக் காட்டும் மூதாட்டி ஒருத்திக்குக் குடிலும் கட்டுவித்தார். அத்துடன் அமைந்தாரல்லர், பண்டைக்காலத்து நடுகல் போலப் புதுக்கல் ஒன்றையும் நாட்டினார்! கவிஞர் றொபேட் சதி 1807 இல் வெளியிட்ட நூலில் இச்செயல்களை எள்ளினார். எள்ளல் தகும். உண்மைத் தொன்மை கண்முன் நிற்கப் போலித் தொன்மை எதற்கு?

பனியாறு ஸ்கொத்லாந்திலிருந்து இப்பாறையைச் சுமந்து வந்ததென நெடுங்காலம் நம்பினர். அது பிழை. மேலேயுள்ள செங்குத்தின் எரிமலைக் கல்லும் இதுவும் ஓரினமே. பனிக்கட்டி உருகி அகன்றதும், தாங்குவாரற்ற மலைச்சரிவு பெயர்ந்து வீழ்ந்தது. அது நிகழ்ந்து 10,000 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பாறையின் நிறை 2,000 தொன் என்றனர் முன்னோர். பின்னர் அளந்தோர் ஏறக்குறைய 1,250 தொன் என்கின்றனர்.

பள்ளத்தாக்கின் தலைப்புறத்தே சீத்வெயிற் என்னும் சிற்றூர் உளது. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மிக்க மழை பெறுவது அதுவே. அங்கே ஆற்றுக்கு அப்பாற் சரிவில் நிற்பன யூ மரங்கள். என்றும் பசுமை குன்றாதன. இலையும் விதையும் நஞ்சு. பண்டு வில் செய்ய உதவியது இவற்றின் வைரம். வேட்ஸ்வேத் என்னும் பெருங்கவிஞர் 1815 இல் வெளியிட்ட பாட்டில் இவற்றை நான்கு உடன்பிறப்புகள் எனச் சிறப்பித்தார். 1883 இல் வீசிய புயலில் ஒன்று சாய்ந்தது, மூன்று எஞ்சின. அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தோர் அவை ஒன்றேயெனக் கண்டனர். ஒரே மரம் பலவாக நிற்கின்றது என்பதே அதன் பொருள். கவிஞர் உடன்பிறப்பென்றது குறைத்துக் கூறியதாயிற்று.

அம்மரங்களுக்கு மேலே, மலைவயிற்றில், பென்சிற்கரி அகழப்பட்டது. இலங்கை நேயர்க்கும் அறிமுகமான அதே காரீயந்தான். களவு மலிந்தமையால் 1752 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, அதனைத் திருடுவோரை நாடுகடத்தவும் இடமளித்தது. அகழ்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒழிந்தது. சுரங்கங்கள் வெறிதாயின, கீழே மரங்கள் இன்றும் தளிர்க்கின்றன.