எடின்பரோவின் பத்துக் கேள்விகள்

இன்னைக்குக் கதை எங்க அக்காகிட்ட இருந்து ஆரம்பிக்குது. தலைப்பிரசவம் முடிஞ்சு ஆறாவது வாரம், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனோம். எடை பார்த்தாங்க, பால் குடிக்கிறானான்னு கேட்டாங்க, அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. அக்கா அழுது வீங்கின முகத்தோட நின்னா. “தூக்கம் இருக்காது, கைக்குழந்தைன்னா அப்படித்தான்”னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பக்கத்துல நின்ன நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இந்த “அப்படித்தான்” ரொம்பப் பழசு. 1968-ல் பிரைஸ் பிட் என்ற மனநல மருத்துவர், லண்டனில் பிரசவித்த பெண்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்ததாக எழுதினார். மனநல வார்டில் படுத்திருந்தவர்கள் இல்லை இவர்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே தவித்தவர்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? மனச்சோர்வை அளக்க அப்பவே கேள்வித்தாள்கள் இருந்தன. தூக்கம் குறைஞ்சிருக்கா, அசதியா இருக்கா, எடை மாறியிருக்கா? பச்சை உடம்புக்காரிகிட்ட இதைக் கேட்டா யார் இல்லைன்னு சொல்வாங்க? நல்லா இருக்கிறவங்களும் மாட்டுவாங்க, நிஜமா தவிக்கிறவங்க அந்தக் கூட்டத்துல காணாமப் போவாங்க.

இதைச் சரிசெய்தவர் ஜான் காக்ஸ். எழுபதுகளில் உகாண்டாவில் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் ஆராய்ந்தவர். பிரசவத்துக்குப் பின் வரும் மனக்கோளாறுக்கு அங்கே கண்டா மக்களிடம் ‘அமாகிரோ’ என்று தனிப் பெயரே உண்டு. பிறகு ஸ்காட்லாந்தில் ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி இருவரோடு சேர்ந்து அவர் 1987-ல் வெளியிட்டதுதான் எடின்பரோ அளவுகோல். மொத்தம் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். சில நிமிஷத்துல அந்தப் பெண்ணே டிக் அடிச்சுடலாம்.

எனக்குப் பிடிச்சது ஏழாவது கேள்வி. தூங்கினீங்களான்னு அது கேட்கலை. தூக்கம் வராத அளவுக்கு மனசு கஷ்டமா இருந்ததான்னு கேட்குது. குழந்தை எழுப்பி முழிச்சிருக்கிறது வேற. குழந்தை தூங்கின பிறகும் கூரையைப் பார்த்துக்கிட்டு கிடக்கிறது வேற. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதுக்கு ‘எப்பவாவது’ன்னு பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவுன்னு பார்க்காம உடனே பேசணும். மத்தபடி மதிப்பெண் ஒரு எச்சரிக்கை மட்டும்தான்; நோயா இல்லையான்னு டாக்டர் பேசித்தான் முடிவு செய்யணும். (நம்ம நாட்டுல 14416, டெலி மானஸ், எந்த நேரமும் பேசலாம்.)

கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்? அதே மூவர் 1989-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஹெல்த் விசிட்டர் என்ற செவிலியர் வருவார். நம்ம கிராம நர்ஸம்மா மாதிரின்னு வச்சுக்கோங்க. அவர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு தடவை, எட்டு வாரம் போய் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். புத்திமதி கிடையாது, காது மட்டும். மூணு மாசத்தில் 26 பேரில் 18 பேர் முழுசா தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர்தான். சின்ன ஆய்வுதான், ஆனா வேலையைச் செய்தது ஏற்கெனவே வீட்டு வாசல் வரைக்கும் வந்துக்கிட்டிருந்த நர்ஸ்.

நம்ம ஊர்ல? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆள் இல்லாதது, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன.

இந்த எபிசோடுக்காக அந்தப் பத்தையும் அக்காகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பையன் இப்போ மூணாம் வகுப்பு. ஏழாவது வந்ததும், “அதை இன்னொரு தடவை படிடா”ன்னா. படிச்சேன்.