நீட் தேர்வில் லாஜிக்கல் ரீசனிங் உண்டா? அந்தமானில் இருந்து எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அந்தமான் தீவுகளில் இருந்துகொண்டே டாக்டருக்குப் படிக்கலாம். 2015-ல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறது. அங்கே எம்பிபிஎஸ் சேர நீட் எழுத வேண்டும்.

தம்பி, தங்கைக்காக நீங்கள் புத்தகம் தேடிக்கொண்டிருக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே நீங்களே எழுதும் யோசனையிலும் இருக்கலாம். உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டதே! அப்போது எழும் சந்தேகம் இது: லாஜிக்கல் ரீசனிங்குக்குத் தனியாகப் படிக்கணுமா?

தனிப் பகுதி இருக்கிறதா?

இல்லை. 2025 தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. அவ்வளவுதான்.

குழப்பத்துக்குக் காரணம் பழைய தேர்வுகள். 2019 வரை எய்ம்ஸ், ஜிப்மர் இரண்டும் தனித்தனியாக நுழைவுத் தேர்வு நடத்தின. அவற்றில் ரீசனிங்குக்கு என்றே சில கேள்விகள் வந்தன. 2020 முதல் அந்த இடங்களுக்கும் நீட்தான். அதனால் எண் தொடர், ரத்த உறவுக் கணக்கு போன்றவற்றுக்கான கைடுகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அப்போ லாஜிக்கே தேவையில்லையா?

தேவை. அது பாடக் கேள்விகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. முக்கியமானது 'கூற்று - காரணம்' வகை. ஓர் உதாரணம்:

கூற்று: நுரையீரல் தமனி ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுசெல்கிறது.
காரணம்: தமனியின் சுவர் தடிமனானது.

இரண்டுமே சரி. ஆனால் நடுவில் 'ஏனென்றால்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள், ஒட்டாது. சுவரின் தடிமனுக்கும் ஆக்ஸிஜன் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே 'இரண்டும் சரி, ஆனால் காரணம் சரியான விளக்கம் அல்ல' என்பதே விடை. 'அது இதயத்தின் வலது வெண்ட்ரிக்கிளில் இருந்து கிளம்புகிறது' என்று காரணம் இருந்திருந்தால் பொருந்தியிருக்கும்.

முதலில் இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இரண்டும் சரி என்றால் மட்டும் 'ஏனென்றால்' சோதனைக்குப் போங்கள்.

ஐந்து வாக்கியம் கொடுத்தால்?

எல்லாவற்றையும் வரிசையாக அலசத் தேவையில்லை. 'இது நிச்சயம் தப்பு' என்று தெரிந்த ஒன்றைப் பிடியுங்கள். அது இடம்பெறும் விடைகளை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். கேள்வி கேட்பது 'சரியானது' எதுவா, 'தவறானது' எதுவா என்பதை வட்டமிட மறக்காதீர்கள்.

தெரியாததை ஊகிக்கலாமா?

சரிக்கு 4, தப்புக்கு -1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது வெறும் 0.25 மதிப்பெண். நான்கில் மூன்று முறை இழப்புதான். ஒரு விடையை நீக்கினால் சராசரி சுமார் 0.67. இரண்டை நீக்கினால் 1.5. லாஜிக் இங்கேதான் மதிப்பெண்ணாக மாறுகிறது.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

மாதிரித் தேர்வு முடிந்ததும் தப்பான விடைகளை இரண்டாகப் பிரியுங்கள்: பாடம் தெரியாமல் போனவை, பாடம் தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் போனவை. முதல் வகைக்கு மருந்து புத்தகம். இரண்டாவதற்குத் தினமும் பத்து கூற்று-காரணக் கேள்விகள் போதும்.

தீவுகளில் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதால், என்சிஇஆர்டி புத்தகம் ஏற்கெனவே கையில் இருக்கும். அதில் ஒரு பத்தி வாசித்ததும் 'ஏன்?' என்று கேட்டு, பதிலை ஒரே வரியில் எழுதுங்கள். ரீசனிங்குக்காக மட்டும் சென்னைக்குக் கோச்சிங் அனுப்ப வேண்டிய அவசியமில்லை.

வெளிநாட்டில் படிப்பதென்றால்?

அங்கே நிலைமை வேறு. பிரிட்டனின் பல மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் யூகேட் தேர்வில் பாடக் கேள்வியே கிடையாது, முழுக்கத் திறனறிதல்தான். அதிலும் வடிவங்களை வைத்துக் கேட்கும் பகுதி 2025-ல் நீக்கப்பட்டது. பழைய புத்தகம் வாங்கும்முன் இதைக் கவனியுங்கள்.